இரண்டு இரவு, மூன்று பகல்: கடலூர், புதுவைப் பள்ளிகளுக்கு வெட்டவெளிப் பயிற்சி முகாம் நடத்தும் முறை

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முதன்முறையாக வெளியில் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதியது இது. முகாம் என்றதும் கயிற்றுப் பாலம், மலையேற்றம், வில் அம்பு என்று இருபது நிகழ்ச்சிகளை அட்டவணையில் அடைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பிள்ளைகள் இருபதையும் பார்த்துவிட்டு வருவார்கள், ஒன்றையும் செய்யத் தெரியாது. ஐந்து வேலைகள் போதும்: கூரை கட்டுவது, தண்ணீரைக் குடிக்கத் தக்கதாக்குவது, அடுப்பு மூட்டிச் சமைப்பது, திசை அறிவது, ஆபத்து வந்தால் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்ய வையுங்கள். முதல் முறை சொல்லிக் கொடுத்து. இரண்டாம் முறை அவர்களாகவே. மூன்றாம் முறை இருட்டிலோ ஈரத்திலோ. மூன்றாவதில்தான் யாருக்குக் கை பழகியிருக்கிறது என்பது தெரியவரும்.

எப்போது போவது

பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான் நம் பக்கத்துக்கு ஏற்ற காலம். அரையாண்டு விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமே என்று பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. மார்ச் நடுவிலிருந்து வெயில் ஏறிவிடும், பகல் பயிற்சி நடக்காது. ஜனவரி, பிப்ரவரியிலும் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கடலூர் அல்லது புதுச்சேரி துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் கூண்டு ஏற்றினாலே முகாமைத் தள்ளி வையுங்கள். பஸ்ஸுக்குக் கொடுத்த முன்பணம் போகிறதே என்ற கணக்கு அங்கே வரக்கூடாது.

இடமும் அனுமதியும்

நல்ல இடத்துக்கு நான்கு அடையாளம் உண்டு. ஆம்புலன்ஸ் உள்ளே வரும் பாதை, பத்துப் பேருக்கு ஒன்றாவது கழிப்பறை, சோதித்த குடிநீர், பெருமழை வந்தால் எல்லோரும் ஓடி ஒண்டக் கான்கிரீட் கட்டடம். நான்கில் ஒன்று குறைந்தாலும் வேறு இடம் பாருங்கள். முதல் தடவை நடத்துகிறவர்கள் ஒரு இரவைப் பள்ளி மைதானத்திலேயே ஒத்திகையாக வைத்துக்கொள்வது நல்லது. மறந்த சாமான், இருட்டைக் கண்டு அழுகிற பிள்ளை, போதாத கழிப்பறை எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

கடலோரச் சவுக்குத் தோப்பும் முந்திரித் தோப்பும் பார்க்க அழகாக இருக்கும். பெரும்பாலும் பட்டா நிலம், உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். சவுக்குத் தோப்பின் தரை முழுக்க உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகக் கிடக்கும், ஒரு பொறி போதும். அதனால் தூங்குவது தோப்பில், அடுப்பு திறந்தவெளியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தென்னைக்கு அடியில் கூடாரம் கூடாது. காய் மட்டுமல்ல, மட்டை விழுந்தாலும் மண்டை உடையும். பனைமரங்களில் கதண்டு என்னும் விஷக் குளவியின் கூடு இருக்கிறதா என்று பகலில் அண்ணாந்து பார்த்து, அந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டித் தடை செய்யுங்கள். புகை போனால் கூடு கலையும்.

தலைமை ஆசிரியர் மூலம் கல்வித் துறைக்குக் கடிதம், உள்ளூர் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் தகவல், ஒவ்வொரு பெற்றோரிடமும் கையொப்பம். இந்தப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தினசரி மருந்து, நீச்சல் தெரியுமா என்ற ஐந்து கேள்விகள் கட்டாயம். மாணவிகள் வந்தால் பெண் ஆசிரியர்கள் இருவராவது உடன் தங்க வேண்டும். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது குறைந்தபட்ச அளவு. நீர்நிலை அருகே நாலைந்து பேருக்கு ஒருவர். சாரணர் இயக்கமோ ஜே.ஆர்.சி. எனும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமோ பள்ளியில் இருந்தால் அந்தப் பொறுப்பாசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிச்சும் முதலுதவியும் அவருக்குக் கைவந்தவை.

இன்னொரு வேலை, பலரும் விட்டுவிடுவது: முகாம் இடத்திலிருந்து பாம்புக்கடி மருந்து உள்ள மருத்துவமனைக்கு ஒரு முறை வண்டியில் போய்வந்து நேரம் குறியுங்கள். கடலூர் என்றால் அரசு தலைமை மருத்துவமனை, புதுவைப் பக்கம் என்றால் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர். இடையில் ரயில்வே கேட் இருந்தால் அது மூடும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன எடுத்துப் போவது

ஆறு பேர் ஒரு குழு. 36 பிள்ளைகள் என்றால் ஆறு குழு. குழுவுக்கு 12க்கு 15 அடி தார்பாய் ஒன்று, 8 மி.மீ. கயிறு 12 மீட்டர், 4 மி.மீ. கயிறு இரண்டரை மீட்டர் நீளத்தில் ஆறு துண்டு, காலி உரச்சாக்கு ஆறு, நன்றாகக் கழுவியவை. ஏழு லிட்டர் பாத்திரம் மூடியுடன், கரண்டி, ஒரு கத்தி. கத்தி சமையல் இடத்தை விட்டு நகரக்கூடாது. ஆளுக்கொரு மடக்குக் கத்தி கொடுப்பது ஆர்வமூட்டும்தான், ஆனால் அது முதலுதவிப் பெட்டிக்குத்தான் வேலை வைக்கும்.

பிள்ளைகளுக்குத் தனித்தனியே பாய், போர்வை, கொசுவலை, டார்ச், விசில், மூடிய காலணி, முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. பை ஐந்து கிலோவைத் தாண்ட வேண்டாம். பள்ளிச் சீருடையில் அடுப்பருகே விடாதீர்கள். பாலியஸ்டர் கலந்த துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

விசிலுக்கு ஒரே ஒரு பொருள்தான்: மூன்று ஊதல் என்றால் உதவி வேண்டும். விளையாட்டுக்கு ஊதினால் விசிலை வாங்கி வைத்துவிடுங்கள். வந்திறங்கியதும் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, கழிப்பறைக்குக்கூட ஜோடியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இடம் மாறும்போதெல்லாம் தலை எண்ணுங்கள்.

கூரை

நம் கரையில் பிற்பகல் முதல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், பின்னிரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து. எனவே கூரையின் முகட்டுக் கயிறு வடக்கு தெற்காக ஓட வேண்டும். அப்போது இரண்டு சரிவும் இரண்டு காற்றையும் தாங்கும், திறந்த வாய்கள் காற்றுக்குப் பக்கவாட்டில் இருக்கும். கிழக்கு மேற்காகக் கட்டிய கூரை காற்று உள்ளே புகுந்து பலூன்போல உப்பிப் பிடுங்கிக்கொள்ளும்.

18 முதல் 20 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மரத்தில் பௌலைன் (இழுத்தாலும் வளையம் இறுகாத) முடிச்சு, மறு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து இரண்டு அரைமுடிச்சு. தார்பாய் ஏறியதும் கயிறு நடுவில் தொய்யும், ஆகவே நாலரை அடி உயரத்தில் கட்டினால் நடுவில் நாலடி நிற்கும். 15 அடிப் பக்கம் கயிற்றோடு போக, 12 அடிப் பக்கம் இருபுறமும் ஆறு ஆறு அடியாகச் சரியும். உள்ளே ஒன்பதடி அகலம் கிடைக்கும். குறுக்காகப் படுத்தால் ஆளுக்கு இரண்டரை அடி.

தார்பாயின் வளையத் துளைகளை நம்பாதீர்கள். மலிவான தார்பாயில் முதல் பலத்த காற்றிலேயே அவை கிழியும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, தார்பாயோடு சேர்த்துப் பொட்டலமாகப் பிடித்து, அதன் கழுத்தில் குளோவ் ஹிட்ச் என்ற இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டுக் கயிற்றைக் கட்டுங்கள். இழுக்க இழுக்க இறுகும்.

மணலில் முளைக்குச்சி நிற்காது. எவ்வளவு ஆழம் அடித்தாலும் ஆட்டினால் கழன்றுவிடும். உரச்சாக்கில் பாதிக்கு மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, ஒன்றரை அடிப் பள்ளத்தில் படுக்கவைத்து மூடி மிதியுங்கள். கயிறு தரையிலிருந்து 45 பாகைச் சாய்வில் கிளம்பட்டும். செங்குத்தாக இழுத்தால் சாக்கு மேலே வந்துவிடும். ஆறு சாக்கும் இதற்குத்தான்.

முதல் நாள் மாலை கட்டி, அன்றே அவிழ்த்து மறுபடி கட்ட வையுங்கள். மூன்றாம் முறை இரண்டாம் நாள் இருட்டியபின், டார்ச் வெளிச்சத்தில். கட்டி முடித்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றுங்கள். தண்ணீர் குளமாகத் தேங்கினால் தார்பாய் தொய்ந்திருக்கிறது. ஓரத்துக் கயிற்றை இறுக்கச் சொல்லுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள்.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர், கேன் தண்ணீராகவே கொண்டுபோங்கள். பயிற்சியில் சுத்திகரித்த நீரைக் குடிப்புக்கு நம்ப வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரு வாளி குளத்துத் தண்ணீர். வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, அரைமணி தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக் கொதிக்க வைக்க வேண்டும். ஓரத்தில் குமிழி வருவது கொதி அல்ல. தளதளவென்று ஒரு நிமிடம் புரள வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கல் நீர் தெளிவதைக் காட்டுங்கள். தெளிந்த நீர் சுத்தமான நீர் இல்லை, அதையும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும் என்பதைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்லவையுங்கள். கொதிக்க வைப்பதால் உப்பும் ரசாயனமும் போகாது. தொழிற்பேட்டையை ஒட்டிய கிணற்று நீரைப் பயிற்சிக்குக்கூட எடுக்காதீர்கள்.

கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்புறம் தோண்டினால் உப்பில்லாத ஊற்று வருவதுண்டு. மழைநீர் கனம் குறைந்தது என்பதால் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கும் பாடம் இது. ஆனால் இடுப்பளவுக்குமேல் தோண்டவிடாதீர்கள். மணல் சுவர் எச்சரிக்காமல் சரியும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தட்டையாக வழித்து. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. ஒவ்வொரு குழுவும் கலந்து ருசி பார்க்கட்டும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கட்டும்.

அடுப்பு

தரையைப் பத்தடி வட்டத்துக்குப் பெருக்கி வெறும் மண்ணாக்குங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். அடுப்புக்குச் செங்கல் போதும். ஆற்றிலோ குளத்திலோ எடுத்த ஈரக் கல் சூட்டில் வெடிக்கும். அடுப்பு வாய் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும்.

பற்றவைக்கத் தென்னைப் பன்னாடை, நார், காய்ந்த பனையோலை. அதன்மேல் பென்சில் கனத்துச் சுள்ளி, அது பிடித்தபின் கட்டைவிரல் கனம், கடைசியாகச் சவுக்கு விறகு. பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே: சுள்ளி பிடிக்கும் முன்பே பெரிய விறகைத் திணித்து மூச்சை அடைப்பது. புகை மட்டும் வந்தால் விறகை எடுக்கச் சொல்லுங்கள், ஊதச் சொல்லாதீர்கள். மண்ணெண்ணெய் முகாமுக்குள்ளேயே வரக்கூடாது. பிப்ரவரிப் பனியில் காலையில் எல்லாம் நமுத்திருக்கும். இரவே பன்னாடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கிற குழுவுக்குத்தான் காலையில் முதலில் டீ கிடைக்கும்.

எரிக்கக்கூடாதவை இரண்டு. அரளிக் குச்சி விஷம், கிளறவும் பயன்படுத்தாதீர்கள். பச்சை முந்திரிக்கொட்டையைச் சுடும் ஆசை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிச்சயம் வரும். ஓட்டின் எண்ணெய் சீறித் தெறித்துத் தோலைப் பொத்துப்போக வைக்கும், புகையும் கண்ணைக் கரிக்கும்.

சோறு வடிப்பது வேண்டாம், கஞ்சி கொட்டிக் கால் வேகும். வெண்பொங்கல் வையுங்கள். ஆறு பேருக்கு அரிசி 600 கிராம், பாசிப்பருப்பு 150 கிராம், தண்ணீர் நான்கு லிட்டர். மிளகு, சீரகம், இஞ்சி, உப்பு. தண்ணீர் கொதித்தபின் அரிசி பருப்பைப் போட்டு, பாதி வெந்ததும் விறகைப் பின்னுக்கு இழுத்துத் தணலில் விட்டால் அடி பிடிக்காது.

அணைப்பதற்கும் முறை உண்டு. தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையை மேலே காட்டிப் பார். தணலை மணல்போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள். அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், வெறுங்காலோடு வருகிறவர் மிதித்துவிடுவார். சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். இட்லி மாவு, பற்பசை, பேனா மை எதுவும் கூடாது.

இரவு

கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். பல் குறி தெரியாமலும் வலிக்காமலும் போகலாம். கொசுவலையின் ஓரம் முழுவதையும் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பதே பெரிய காவல். கட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. மிச்சச் சோறு கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எனவே பாத்திரம் கழுவிக் குப்பையைக் கட்டிய பிறகுதான் படுக்கை. பெரியவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக விழித்திருங்கள்.

கடித்துவிட்டால் பிள்ளையைப் படுக்கவைத்து, கொலுசு, மோதிரம், கயிறு எல்லாம் கழற்றி, கை கால் முறிந்தால் கட்டுவதுபோல் அசையாமல் மட்டை வைத்துக் கட்டுங்கள். நேரம் குறித்து 108க்கு அழையுங்கள். நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பச்சிலை தேடிப் போவது எதுவும் வேண்டாம். பாம்பைத் துரத்தவும் வேண்டாம். எந்தக் கடியும் தெரியாமல், விடிகாலையில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று எழுந்து கண் இமை தொங்கினால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கட்டுவிரியன் கடியாக எண்ணி உடனே புறப்படுங்கள்.

திசை

மூன்றடிக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் நுனியில் ஒரு கல். இருபது நிமிடம் கழித்து மறுபடி நிழல் நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. காலை 10 முதல் பிற்பகல் 2க்குள் செய்யுங்கள், மற்ற நேரத்தில் கோடு சாய்ந்து காட்டும். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் இருப்பார்கள். கடலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நண்பகல் நிழல் தெற்கே விழும். நிழல் குச்சி முறை அப்போதும் தவறாது.

துருவ நட்சத்திரமும் அதே காரணத்தால் அடிவானத்திலிருந்து சுமார் 12 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி மூடிய முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தேடுங்கள், மரங்கள் மறைக்காத வடபுறமாக. கிடைக்காவிட்டால் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைபவை. பிப்ரவரியில் முன்னிரவிலேயே தலைக்குமேல் வந்துவிடும்.

கடலும் கழிமுகமும்

கடலில் இறங்கக்கூடாது. கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரை ஆனாலும் புதுவைக் கரை ஆனாலும் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். ஆற்று முகத்துவாரங்கள் அதைவிட மோசம். கரையில் நின்று காப்பாற்றக் கற்றுக்கொடுங்கள். ஐந்து லிட்டர் கேனில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு மூடுங்கள், அந்தக் கனம் இல்லையென்றால் காற்றில் திரும்பி வந்துவிடும். அதில் 15 மீட்டர் மிதக்கும் கயிறு, மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும். நைலான் மூழ்கும். முழுகுகிறவர் தலைக்கு அப்பால் எறிந்து, கயிறு அவர்மேல் விழும்படி இழுக்க வேண்டும். பிடித்ததும் எறிந்தவர் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும், நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடும். தரையிலேயே பத்து மீட்டர் தூரத்தில் ஒரு மாணவரை உட்காரவைத்துப் பழக்குங்கள்.

இரண்டாம் நாள் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போவதானால் படகில் ஏறும் முன்பே எல்லோருக்கும் உயிர்காப்பு மேலாடை, கொக்கிகள் மாட்டி. காப்புக்காடு என்பதால் படகை விட்டு இறங்குவதோ கிளை ஒடிப்பதோ கிடையாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போகும். பட்டால் கால்மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

இடி

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபின் வெளியே. தார்பாய்க் கூரை மின்னலுக்குக் காப்பல்ல. மேகமே இல்லாத நாளிலும் ஒரு முறை விசில் ஊதி ஓட்டம் நடத்துங்கள், நேரம் பாருங்கள். 36 பேரும் மூன்று நிமிடத்தில் உள்ளே வந்து எண்ணி முடித்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனபின்

முகாம் முடிந்த அன்றே பெற்றோருக்கு ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள். அதில் இருக்க வேண்டியது இது: இன்றே குளித்து, துணிகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கவும். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பிள்ளை வெட்டவெளியில் தங்கியதை மருத்துவரிடம் சொல்லவும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கவும். புல்லிலுள்ள சிறு பூச்சிகளால் வரும் உண்ணிக் காய்ச்சல் நம் பகுதியில் மழையும் பனியும் உள்ள மாதங்களில் பரவலாக உண்டு. சரியான மாத்திரை தொடங்கிவிட்டால் சீக்கிரம் அடங்கும், சாதாரணக் காய்ச்சல் என்று விட்டால் உறுப்புகளைத் தாக்கும். தாளின் அடியில் பொறுப்பாசிரியரின் கைபேசி எண்ணை எழுதி, மூன்று வாரம் முடியும் வரை அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.